ஓட்டு இல்லை என்று நேரில் சொன்னவர்

ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், மூக்கண்டப்பள்ளியில் எனக்கு ஒரு வாடகை வீடு பார்த்துத் தருவதாக அந்த அக்கா ஒப்புக்கொண்டார். தொழிற்பேட்டையில் ஃபேன் மோட்டார் செய்யும் கம்பெனி அது. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் செக்‌ஷனில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லைன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வரிசையாக ஆறு வீடுகள். வீட்டுக்காரர் சாவியோடு நின்றிருந்தார். அக்கா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கடைசி வீட்டுக்குப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் தெலுங்கில் பேசினார். பிறகு மூன்றாவது வீட்டில் கன்னடத்தில். நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தபடி வெயிலில் நின்றோம்.

திரும்பி வந்து, "இந்த வீடு பேடா, வா" என்றார். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம்.

"ஏன்க்கா? வீடு நல்லாத்தான இருக்கு."

"வீடு நல்லாத்தான் இருக்குது. வீட்டுக்காரனைக் கேட்டா வீட்டைப் பத்திச் சொல்லுவான். வீட்டுக்காரனைப் பத்திக் குடியிருக்கறவங்கதான் சொல்லணும்."

அன்றைக்கு இன்னும் நான்கு வீடுகள் பார்த்தோம். கடைசியில் கிடைத்த வீட்டில் மழைக்கு ஒரு மூலை ஒழுகும். ஆனால் சொல்லியனுப்பினால் அந்த வீட்டுக்காரர் மறுநாளே ஏணியோடு வந்துவிடுவார். அதில் நான் பதினோரு வருஷம் இருந்தேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கெலமங்கலத்துக்குப் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றையும் கலந்து பேசுவார். எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் வருவது கன்னடம்தான்: "நோடோணா." பார்க்கலாம் என்று அர்த்தம். புடவைக்காரன் வந்தாலும் நோடோணா, புது டாக்டர் வந்தாலும் நோடோணா. பார்க்கலாம் என்று சொல்லித் தட்டிக் கழிக்கிறவர்களை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா சொன்னால், போய் நிஜமாகவே பார்த்துவிட்டு வருவார்.

இந்த விசாரிப்பில் எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் செக்‌ஷன் பெண் ஒருத்திக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து, "ஆளு சோம்பேறிபோல இருக்குது" என்று அக்கா சொல்ல, அந்த இடம் நின்றுபோனது. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, கெலமங்கலத்தில் காய்கறி மண்டி வைத்து, நன்றாகவே இருந்தான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக இன்னும் ஆறு வருஷம் ஆனது. சந்தையில் அவனையும் அவன் மனைவியையும் பார்க்கும்போதெல்லாம் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு தடவை அவராகவே சொன்னார்: "நாலு பேரைக் கேட்டிருக்கணும். ரெண்டு பேரோட நிறுத்திட்டேன்." விசாரித்தது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. விசாரித்தது போதவில்லை என்றுதான் தோன்றியது.

அவருடைய இந்தக் குணம் முழுசாகத் தெரிந்தது தேர்தல் சமயங்களில்தான்.

எண்பதுகளின் நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர்தான் கணக்கில் இருந்தார்கள். இரண்டு பேருடைய நோட்டீசையும் அக்கா மேசை டிராயரில் வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, என்னை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். இதிலும் குடிநீர், அதிலும் குடிநீர். இதிலும் தெருவிளக்கு, அதிலும் தெருவிளக்கு.

"ஒரே பிரஸ்ஸுல அடிச்சிருக்காங்க போல" என்றேன்.

"சொல்றது ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் ஆளைத்தான் பார்க்கணும்" என்றார்.

அந்த வாரம் இருவருமே எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். தெருக்குழாய் அருகே வழி குறுகல். முதலில் வந்தவர் நல்ல பேச்சுக்காரர், மாலையெல்லாம் போட்டிருந்தார். குழாயடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருடன் வந்தவர்கள், "கொஞ்சம் தள்ளும்மா, அண்ணன் வர்றாரு" என்று குடத்தை நகர்த்தினார்கள். அவர் கும்பிட்டுக்கொண்டே கடந்துபோனார். மறுநாள் வந்தவர் சுமாரான ஆள், பேச்சு திக்கும். அவரும் குழாயடியில் நின்றார். இன்னொரு பெண்ணின் குடம் நிறைகிறவரை நின்றார். பின்னால் வந்த கூட்டமும் வேறு வழியில்லாமல் நின்றது.

அக்கா இரண்டையும் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. முதல் ஆளைக் கடைத்தெருவில் வழிமறித்துச் சொல்லிவிட்டார்: "உங்களுக்கு என் ஓட்டு இல்லீங்க. தண்ணி பிடிக்கிறவளைத் தள்ளச் சொன்னீங்க. நீங்க தண்ணி குடுப்பீங்கன்னு எப்படி நம்பறது?"

வீட்டுக்கு வரும் வழியில், "ஓட்டுப் போடாட்டா பேசாம இருந்திர வேண்டியதுதான? எதுக்குக்கா அவர்ட்ட போய்ச் சொல்லுதீங்க?" என்றேன்.

"சொல்லலைன்னா ஏன் தோத்தம்னு அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

திக்குவாய்க்காரர்தான் ஜெயித்தார். நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அலுவலகங்களில் போய் எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. எங்கள் தெருவுக்குப் புதுக்குழாய் வர இரண்டு வருஷம் ஆனது. "தப்பு பண்ணிட்டமோ அக்கா?" என்று கேட்டேன். "பாதி" என்றார். "ஆனா ஏன் லேட்டுன்னு கேட்டா பொய் சொல்றதில்ல பாரு. அந்தப் பாதி சரி." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். தன் கணக்கு பாதி தவறியதைப் பற்றி அவ்வளவு நிம்மதியாகப் பேசுகிறவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் எங்கள் யூனியன் தேர்தல். அதில் நானும் அக்காவும் ஏறக்குறைய பிரிந்தே போனோம்.

யூனியன் தலைவராக அப்போது இருந்தவர் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு பெரிய மனிதர். கம்பெனிக் காசில் ஒரு டீ குடித்ததில்லை. அவரால்தான் அக்காவுக்கு வேலையே மிஞ்சியது. நான் வருவதற்கு முன்னால், அக்காவின் கணவர் லாரி ஓட்டிப்போன இடத்தில் தொப்பூர் கணவாயில் விபத்தில் இறந்துவிட்டார். மகளுக்கு மூன்று வயது. அக்கா ஒன்றரை மாதம் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது பெயரை எடுத்துவிட்டோம் என்றார்கள். தலைவர் கேட்டுக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். இதை அக்காவே எனக்கு நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கண் கலங்கி.

அவரை எதிர்த்து நின்றவர் வெல்டிங் செக்‌ஷன்காரர். சத்தக்காரர், சம்பள நாளில் குடிப்பார். அம்மா செத்துப்போனதாகச் சொல்லி இரண்டு தடவை லீவு எடுத்தவர். மூன்றாவது தடவை அந்த அம்மாவே சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்கு வந்து மகனைக் கேட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே நாங்கள் அவரை ஜெயித்துவிடலாம் என்று நினைத்தோம்.

ஆனால் விஷயம் வேறாக இருந்தது. கம்பெனியில் கேஷுவலாக வேலை செய்த பெண்கள் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். பேரிகை, அதைச் சுற்றிய ஊர்களிலிருந்து விடியுமுன்னே பஸ் பிடித்து வருவார்கள். வருஷம் முடியும் முன்னே வேலையை விட்டு நிறுத்தி, பிறகு புதிதாகச் சேர்ப்பதுபோலச் சேர்ப்பார்கள். ஐந்து வருஷம் வேலை செய்தவளும் ஏட்டில் புதுசுதான். புது ஒப்பந்தம் வரவிருந்தது. அந்தப் பெண்களைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பர்மனென்ட் ஆட்களுக்கு நல்ல உயர்வு தருவதாக நிர்வாகம் ஜாடை காட்டியிருந்தது. தலைவர் வெளிப்படையாகவே சொன்னார்: "ரெண்டையும் கேட்டா ரெண்டும் போயிடும். முதல்ல நம்ம கால் ஊனிக்கலாம். அடுத்த ஒப்பந்தத்துல அவங்களைப் பார்க்கலாம்." வெல்டர் சொன்னது நேர் எதிர்: "நமக்குக் கொஞ்சம் கம்மியா வந்தாலும் சரி, அந்தப் பொண்ணுங்களையும் சேர்த்து ஒரே ஒப்பந்தம்." கேஷுவல் ஆட்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆகவே ஓட்டுக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நான் தலைவருக்காக மேசை மேசையாகப் போய்ப் பேசினேன். அக்காவைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஒரு எடத்துக்குப் போகணும், கூட வா" என்று கூப்பிட்டார். போய் நின்றது வெல்டர் வீட்டு வாசல். அவர் இல்லை. அவர் மனைவி ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு வீட்டுல எப்படிம்மா?"

அந்தம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "குடிச்சா கத்துவாரு. கை நீட்ட மாட்டாரு. எதையாச்சும் செய்யறேன்னு சொல்லுவாரு, மறந்துடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நானு கேட்டுகினே இருப்பேன். நாலாவது நாளு செஞ்சிடுவாரு. இந்தச் செவுரு அப்படிக் கட்டினதுதான்." சுவரைக் காட்டிச் சிரித்தார்.

அக்கா எழுந்து சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. தெருவுக்கு வந்ததும், "என்னக்கா இது, அந்தக் குடிகாரருக்கா போடப் போறீங்க?" என்றேன்.

"அந்தப் பொண்ணுங்க பாவம்டி."

"தலைவர் உங்களுக்காகப் பட்டினி கெடந்தாரே. அவரு குணம் என்ன, இவரு குணம் என்ன?"

அக்கா நடையை நிறுத்தவில்லை. "அண்ணன் குணத்துல நூத்துல ஒருத்தரு. அதான் பயமா இருக்குது. இவரு தப்புப் பண்ணா நூறு பேரு கேப்பாங்க. அண்ணன் தப்புப் பண்ணா யாரு கேப்பா? நீ கேப்பியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

அங்கிருந்தே தலைவர் வீட்டுக்கு நடந்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. தலைவர் பனியனோடு சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பேரிகைப் பொண்ணுங்க விஷயத்துல மனசை மாத்திக்குவீங்களா?"

தலைவர் துணியை உதறினார். "மாத்தமாட்டேம்மா. யோசிச்சுத்தான் சொல்றேன். மாத்திக்கறேன்னு உன்கிட்ட பொய் சொல்லி ஓட்டு வாங்கணுமா?"

"வேணாண்ணா. அப்படிச் சொல்லமாட்டீங்கன்னுதான் கேட்டேன்" என்றார் அக்கா. "இந்தத் தடவை என் ஓட்டு உங்களுக்கு இல்லைண்ணா."

உள்ளேயிருந்து தலைவரின் மனைவி வந்துவிட்டார். "உன் வேலைக்காக ரெண்டு நாளு ரோட்டுல கிடந்தாரே, அதை நெனைச்சாச்சும் பாத்தியா?"

"தெனமும் நெனைக்கறேன் அண்ணி. அவருக்காக என்ன வேணா செய்வேன். என்னுதுன்னா குடுத்துடுவேன். இது அந்தப் பொண்ணுங்களுதும் சேர்ந்தது."

தலைவர் துணியை மடித்து சைக்கிள் சீட்டின்மேல் வைத்தார். பிறகு மனைவியிடம், "ரெண்டு பேருக்கும் காபி போடு" என்றார். அந்தக் காபியை நாங்கள் நின்றுகொண்டே குடித்தோம். வீடு வரும்வரை அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் ஆறுதல் சொல்லவில்லை.

வெல்டர் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். அந்த ஒன்பதும் அக்காவே போட்டதுபோல நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து மேசைதான். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய் வாங்கி வருவேன்.

நான் பயந்ததுபோலவே ஆனது. நிர்வாகம் வெல்டரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசியது. வெளியே வந்தவர், "கேஷுவல் விஷயம் கொஞ்சம் சிக்கலா இருக்கு, அடுத்த வருஷம் வெச்சுக்கலாமா" என்று ராகம் போட ஆரம்பித்தார். "பாத்தீங்களா?" என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. பேசுவதில்லை என்பதால் கேட்க முடியவில்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு நான் வந்தபோது அக்கா கேட்டருகில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். வெல்டர் வந்ததும், "அந்தப் பொண்ணுங்க விஷயம் என்னாச்சுங்க?" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே இடம், அதே கேள்வி. குரலில் சண்டையே இருக்காது. பால்காரரிடம் நாளைக்குப் பால் உண்டா என்று கேட்பதுபோல இருக்கும். வெல்டர் ஒரு வாரம் பதில் சொன்னார். அப்புறம் சீக்கிரம் வர ஆரம்பித்தார். அக்கா அதைவிடச் சீக்கிரம் வந்தார். வெல்டர் லாரிகள் போகும் பின்பக்கக் கேட்டில் நுழைந்து பார்த்தார். அங்கே அக்காவும், கூடவே கேஷுவல் பெண்கள் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். "தாயி, உன்னால என் தூக்கமே போச்சு" என்று அவர் தன் தலையில் கைவைத்ததை நானே பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார். அன்றைக்குத்தான் எங்கள் பேச்சு மறுபடி தொடங்கியது.

நாலு மாசம் இப்படிப் போனது. வேறு வழியில்லாமல் அந்த விஷயத்தை நிர்வாகத்திடம் கிளப்பிய வெல்டர், பேச்சுவார்த்தை சூடாகி சட்ட விஷயமெல்லாம் வந்தபோது திணறினார். கடிதம் எழுதவே அவருக்கு வரவில்லை. "அண்ணனைப் போய்க் கேளுங்க" என்றார் அக்கா. "எந்த மூஞ்சிய வெச்சுகினு கேக்கறது?" என்றார் வெல்டர். "இதே மூஞ்சிய வெச்சுகினுதான்."

வெல்டர் போய்க் கேட்டிருக்கிறார். பழைய தலைவர் மறுக்கவில்லை. தோற்ற வருத்தம் இருந்திருக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் எந்த வருஷம் சேர்ந்தார்கள், எப்போது நிறுத்தப்பட்டார்கள் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். "நான் வேணாம்னு சொன்னதை எடுத்துட்டீங்க. எடுத்தப்புறம் ஒழுங்கா செய்யணும் இல்ல" என்றாராம். ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பெண்கள் இரண்டு தொகுதியாகப் பர்மனென்ட் ஆனார்கள். எங்களுக்கு வந்த உயர்வு எதிர்பார்த்ததைவிடக் கம்மிதான். முதல் தொகுதியில் வந்த பெண் ஒருத்தி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் எழுந்தவள், "நாளைக்கு வர்றேன்க்கா" என்றாள். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அவள் அதைச் சொன்ன விதத்தில், என் சம்பளத்தில் குறைந்ததை நான் மறந்துபோனேன்.

மூன்று வருஷம் கழித்து மறுபடியும் யூனியன் தேர்தல். மறுபடியும் அதே இரண்டு பேர். நான் இப்போது அக்காவின் பள்ளியில் தேறியவள் என்ற நினைப்பில் இருந்தேன். குணமெல்லாம் நம் வீட்டுக்கு, யூனியனுக்குக் கொள்கைதான் என்று முடிவுசெய்து, குடிகாரரென்றும் பாராமல் வெல்டருக்கே ஓட்டுப் போட்டேன். அக்காவும் அப்படித்தான் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும்போது பெருமையாக அதைச் சொன்னேன்.

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அய்யய்யோ, நீ அவருக்கா போட்ட? நானு அண்ணனுக்கில்ல போட்டேன்."

"என்னக்கா சொல்லுதீங்க? வெல்டர் சொன்னதெல்லாம் செஞ்சாரே."

"செஞ்சாரு. அந்தப் பொண்ணுங்க உள்ள வந்தாச்சு. இப்ப ரெண்டு பேரு கேக்கறதும் ஒண்ணுதான். நேத்தே அவருகிட்ட சொல்லிட்டேன், உங்களுக்கு இல்லைன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஏன்க்கா, எல்லாம் செஞ்சேனேன்னாரு. செஞ்சீங்க, நானு நாலு மாசம் விடியக்காலம் கேட்டுல நின்னதால செஞ்சீங்க. என் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. காலையில அவளை எழுப்பிப் படிக்க வைக்கணும். உங்களுக்குக் காவல் இருக்க எனக்கு நேரமில்லைன்னேன்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"சிரிச்சாரு. நியாயம்தான்க்கான்னாரு."

எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. "அக்கா, போன தடவையும் உங்க ஓட்டுக்கு என் ஓட்டு சரியாப்போச்சு. இந்தத் தடவையும் சரியாப்போச்சு. நாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்திருக்கலாம்."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மூக்கண்டப்பள்ளி ரோட்டில், ஷிப்ட் விட்டு வந்த ஆட்கள் சைக்கிள் மணியடித்து விலகிப் போக, இருவரும் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.